இது யார் கை?

நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் விழுந்து பொரிகிற வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும், பசி வரும், பிறந்த வீட்டு நினைப்பு வரும். எனக்கோ இன்றைக்கும் இரண்டு கைகளும் தாமாக விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன. மேல்கையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பதின்மூன்று வயதில் என் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. இனி தேவையில்லை, மறந்துவிடு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை.

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்கும் வெந்நீர் அடுப்புக்கும் நடுவே ஒரு மணைப்பலகை கிடக்கும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அதில் என்னை உட்கார வைத்து, உச்சியிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கால்வரை அம்மா எண்ணெய் தேய்ப்பாள். ஊரார் கண்ணுக்கு அது எண்ணெய்க் குளியல், எனக்கு அது வாராந்தரச் சோதனை. கொய்யா மரத்தில் ஏறியது, சைக்கிளில் "டபுள்ஸ்" போய் விழுந்தது, பள்ளியில் எவளோடோ மல்லுக்கு நின்று நகக்கீறல் வாங்கியது எல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். முதுகில் தேய்த்துக்கொண்டே, "செவுத்துல எங்க இடிச்ச?" என்பாள். இடித்த இடம் எனக்கே மறந்திருக்கும்.

இப்படிப்பட்டவளிடம் கராத்தேவுக்கு அனுமதி வாங்கியது சாதாரண காரியமில்லை. "அடிக்கிறதும் ஒதைக்கிறதும் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? நாளைக்குக் கை கால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்?" என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியில், காரைக்காலில் எங்கள் பள்ளி மைதானத்தில் வகுப்பு நடத்திய மாஸ்டரே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். குள்ளமான, சாதுவான மனிதர். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. அவர் என் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, "ஆடாம நில்லுங்க சார்" என்று ஒரு குத்து விட்டார் பாருங்கள், முஷ்டி அப்பாவின் மூக்கு நுனிக்கு நூலிழை தள்ளி நின்றது. அப்பாவின் மீசை மட்டும் ஆடியது. "அவ்வளவுதாம்மா எங்க கராத்தே. தொடவே மாட்டோம். அடிக்கத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தத் தெரியணும்" என்றார். அப்பா வேர்த்துப்போய் உட்கார்ந்தார், அம்மா முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "உடம்புல ஒரு தடம் பாத்தேன், அன்னியோட சரி" என்று விரலை நீட்டிச் சொன்னாள்.

தடம் ஏதும் விழவில்லை. வெள்ளையில் தொடங்கிய என் இடுப்புப் பட்டை மஞ்சள், பச்சை என்று மாறிப் பழுப்புக்கு வந்தபோதும் என் உடம்பில் அம்மாவின் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. போட்டியிலும் அதே முறைதான், எதிராளியின் மார்புக்கு முன்னால் முஷ்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மாஸ்டர் "யாமே!" என்று குரல் கொடுப்பார், நிறுத்து என்று பொருள். உடனே இருவரும் விலகி, அவரவர் கோட்டுக்குத் திரும்பி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. சண்டைக்கு நடுவே இப்படி மூச்சு வாங்க இடம் கொடுக்கிற மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உலகமே அப்படித்தான் நடக்கும் என்று நம்பியிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் அமுதா. கிளிஞ்சல்மேட்டுக்காரி, என் வகுப்பு, என்னோடு கராத்தே. சுனாமி அலை வந்துபோன பிறகு அவர்கள் ஊருக்குப் படகு, வலை, தையல் மிஷின் என்று வந்த உதவிகளோடு எங்கிருந்தோ தடித்தடியான பச்சை மெத்தைகளும் வந்து இறங்கின. எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. சமுதாயக்கூடத்து மூலையில் கொஞ்ச நாள் அடுக்கிக் கிடந்தன. பிறகு பெண்கள் அவற்றை வெயிலில் போட்டுக் கருவாடு காய வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த விளையாட்டு ஆசிரியை ஒருத்தர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயையோ, இது ஜூடோ மெத்தைங்க!" என்று கருவாட்டைத் தள்ளிவிட்டு, கழுவிப் போட்டு, சனிக்கிழமைதோறும் வகுப்பு தொடங்கினார். நாங்கள் அவரை "மிஸ்" என்போம். எவ்வளவு கழுவியும் அந்த மெத்தைகளை விட்டு நெத்திலி வாடை கடைசிவரை போகவே இல்லை.

"வாடி தேனு, சும்மா வந்து பாரு. இதுல யாமேயெல்லாம் கெடையாது" என்று அமுதா கூப்பிட்டாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இழுத்தது. அப்பாவிடம் கேட்டேன். மாஸ்டரிடமும் கேட்டேன், "போய்ட்டு வா, ஆனா பிளாக் பெல்ட் டெஸ்ட் வருது, கவனம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அப்பா மட்டும் கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "நீ போ. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். எங்கள் அப்பா வயலில் பாம்பைக் கையால் பிடித்து எறிகிறவர். அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் நல்ல நேரம் பார்ப்பார், அந்த நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

ஜூடோவில் முதல் சில வாரங்கள் விழுவது மட்டுமே பாடம். கராத்தே என்னை விழாமல் நிற்கப் பழக்கியிருந்தது. கால் இடறினால் கை தானாகத் தரையில் ஊன்றும். "கைய ஊனாதடி, மணிக்கட்டு போயிடும்! மெத்தையத் தட்டு!" என்று மிஸ் கத்துவார். விழுவதற்கும் ஒரு கௌரவம் உண்டென்பதும், கையால் மெத்தையைப் பளீரென்று அறைந்தால் அடி முதுகுக்குப் போகாமல் மெத்தைக்குப் போகும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதைவிடக் கஷ்டம் என் பழைய பழக்கம். ஒருமுறை பாடம் முடிந்து விளையாட்டாக மல்லுக்கு நின்றபோது, முதல்முறையாக அமுதாவைச் சரித்துவிட்டேன். சரித்த பெருமையில் வழக்கம்போல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு என் கோட்டைத் தேடி இரண்டடி வைப்பதற்குள், கீழே கிடந்தவள் என் கணுக்காலைப் பிடித்து இழுத்து, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்டாள். "இன்னும் முடியலடி மக்கு" என்று காதில் சிரித்தாள். கூடமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றேன்.

விழுகிற பாடம் முடிந்து பிடிக்கிற பாடம் வந்தபோதுதான் சனி பிடித்தது. ஜூடோவுக்கென்று தடித்த சட்டை உண்டு, அதைப் பிடித்துத்தான் ஆளைத் தூக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ கராத்தேவுக்குத் தைத்த மெல்லிய துணி, இழுத்தால் அக்குளில் கிழிந்தது. கிழிந்த சட்டையோடு வீட்டுக்குப் போக முடியுமா? அதனால் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம், துணியோடு சேர்த்து மேல்கைச் சதையையும் பிடிப்பது. அமுதாவின் விரல்கள் வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி வளர்ந்த விரல்கள். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் தினமும் வகுப்பு இருந்தது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் பாவாடை சட்டையின் கையைச் சுருட்டிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மேல்கையிலும் நான்கு நான்காகக் கருநீல விரல் தடங்கள், உள்பக்கம் கட்டைவிரல். மறுநாள் வெள்ளிக்கிழமை.

அப்பா வாசலில் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். குறுவை அறுப்பு, மிஷின் எப்போது வரும் என்று தெரியாததால் குரும்பகரத்து வயலிலேயே தங்கப் போகிறார். ஓடிப்போய், "அப்பா, அம்மாகிட்ட ஜூடோவப் பத்திச் சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். "சொல்லிக்கலாம்டா. அறுப்பு முடியட்டும், அம்மா கொஞ்சம் மனசா இருக்கறப்ப..." என்று சொல்லி முறுக்கியவர்தான், தெருமுனை தாண்டிவிட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் சும்மா இருக்கிறாள் என்று அத்தனை வாரமும் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமைகூட, "தலையில ஏன்டி கருவாட்டு வாடை?" என்று அவள் கேட்டதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் ஜலதோஷம் என்றேன், தலைவலி என்றேன். "எண்ணெ வச்சா எல்லாம் போயிடும், வா" என்று பலகையில் உட்கார வைத்தாள். தலை ஆயிற்று, முதுகு ஆயிற்று. கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கைய விடு" என்றாள். விடவில்லை. பிரித்தாள். வலது கையில் மேலிருந்து கீழே வந்த அவள் விரல்கள் நின்றன. அப்புறம் இடது கையைப் பார்த்தாள்.

"இது யார் கை?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் குரல் அப்படிச் சின்னதாகிப்போனது. "அமுதா கைம்மா. ஜூடோ. அப்பாவுக்குத் தெரியும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் காதில் எதுவுமே ஏறவில்லை. "தொடவே மாட்டோம்னு சொல்லித்தான அந்த ஆளு ஒன்னயக் கூட்டிட்டுப் போனான்? அப்ப இது யாருது? சொல்லு. பயப்படாம சொல்லு. ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன்." இல்லை, மாஸ்டர் இல்லவே இல்லை என்று நான் அழுதுகொண்டு சொல்லச் சொல்ல அவள் முகம் மேலும் மேலும் இறுகியது. "என்னா சொல்லி மெரட்டி வச்சிருக்கான்?" என்றாள். நான் மறுத்த ஒவ்வொரு தடவையும் அந்த அப்பாவி மனிதர்மேல் ஒரு முடிச்சு கூடுதலாக விழுந்தது.

அப்பாவின் கைப்பேசி அணைந்திருந்தது. பிறகு அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். என் மாமா கையை ஓங்கிய பிறகுதான் காரணம் கேட்கிற ரகம். "தம்பி, வேலைய விட்டுட்டுப் பொறப்படு. ஒருத்தன் ஊட்டுக்குப் போவணும். இன்னும் ரெண்டு பேரக் கூட்டிக்க" என்று அவள் சொன்னாள். சின்ன ஊர் எங்களுடையது. மாமா போய் அந்த வாசலில் நின்று இப்படி ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் போதும். பொய் என்று பிறகு தெரிந்தாலும் மாஸ்டர் மறுபடி எந்த மைதானத்திலும் நிற்க முடியாது, கைக்குழந்தையோடு அவர் வீட்டு அக்காள் தெருவில் தலைகாட்ட முடியாது. அத்தனையும் என் கையில் இருந்த அந்தத் தடங்களால் நடக்கப் போகிறது. நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

"அம்மா, ஒன் விரல வச்சிப் பாரும்மா!" என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணெய் விரல்களை அந்தத் தடங்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். அவள் விரல்கள் தடங்களைத் தாண்டி நீண்டன. "சின்னக் கை" என்று முணுமுணுத்தாள். எனக்கு உயிர் வந்தது. உடனே, "அந்த ஆளும் குள்ளந்தான்" என்றாள், போய்விட்டது. ஆனாலும் ஏதோ ஒரு சந்தேகம் நுழைந்திருக்க வேண்டும், எழுந்து, "அந்தப் பொண்ணு ஊட்டக் காட்டு" என்றாள். சீயக்காய்கூடப் போடவில்லை. எண்ணெய்த் தலையோடு வாசற்படி தாண்டினால் காத்து கருப்பு அண்டும் என்று எங்களை முற்றத்துக்குக்கூட விடாத அம்மா, எண்ணெய் வழியும் தலையைத் துண்டால் சுற்றி, மேலே ஒரு சட்டையை மாட்டி, அன்றைக்கு என்னை அப்படியே பேருந்தில் ஏற்றினாள். அதைப் பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

காரைக்காலில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கிளிஞ்சல்மேடு போய்ச் சேர்வதற்குள் மாமா அழைத்துவிட்டார், கிளம்பிவிட்டாராம். "டவுனுக்கு வந்து நில்லு, சொல்றேன்" என்றாள் அம்மா. அமுதா அவள் வீட்டு வாசலில், ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் முன் குந்தி, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழியும் முகத்தோடு நானும் பின்னால் காளி மாதிரி அம்மாவும் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மா என் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "நீதான் இதப் பண்ணுனியா?" என்று கேட்டாள். கேட்ட விதம் அப்படி. எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

"நான் இல்லீங்கம்மா! சத்தியமா நான் தொடவே இல்லீங்க" என்றாள் அமுதா.

அம்மா இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். அவள் கட்டைவிரல் பொத்தானைத் தேடுவதைப் பார்த்தேன். இனி வாயால் சொல்லிப் பயனில்லை. பாய்ந்து போய் அமுதாவின் சட்டைக் கழுத்தை ஒரு கையாலும் மேல்கையை மறு கையாலும் பிடித்து இழுத்தேன். "ஏய் தேனு, விடுடி! பைத்தியமா?" என்று அவள் வாய் கத்தியது. ஆனால் எதிராளி பிடித்தால் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று மிஸ் பழக்கிய கைகளுக்கு வாய் சொல்வது எங்கே கேட்கும்? அவள் வலது கை பறந்து வந்து என் மேல்கையைப் பற்றியது. எண்ணெயில் வழுக்கியது. மறுபடி பற்றினாள், இந்த முறை உள்ளங்கை உப்பு எண்ணெயைத் தின்று இறுகப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே கன்றிப்போன சதையில் உப்போடு விரல்கள் பழைய பள்ளங்களில் போய் அமர்ந்தபோது எரிந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. "விடாதடி, புடி, புடி!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

பிடித்தவள் சும்மா இருப்பாளா? இடுப்பைத் திருப்பினாள், வானம் ஒரு சுற்று சுற்றியது, மணலில் மல்லாக்க விழுந்தேன். அம்மா "ஐயோ எம் புள்ள!" என்று அலறியதும், என் கை மணலைப் பளாரென்று அறைந்ததும் ஒன்றாகக் கேட்டன. மணலை உதறிக்கொண்டு எழுந்து நின்றேன். அமுதாவின் கை அப்போதும் என் கையை விடவில்லை. "இப்ப வந்து பாரு" என்றேன் அம்மாவிடம்.

அம்மா வந்தாள். அமுதாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே இருந்த தடத்தைப் பார்த்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மற்றக் கையிலும் அவளையே பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே, உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் மணலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அப்படி அழுதவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அமுதா மிரண்டு போய், "நாந்தாங்கம்மா. மன்னிச்சிருங்க, இனிமே புடிக்கல" என்றாள். அம்மா அவள் உப்புக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீதான்னு மொதல்லயே சொல்லித் தொலையக் கூடாதாடி மவளே" என்றாள். அப்புறம்தான் மாமா நினைவு வந்து பதறி எழுந்து கைப்பேசியில் கூப்பிட்டாள். அவர் டவுன் வந்து, வண்டி இன்ஜினை அணைக்காமலே காத்திருந்தாராம். "ஒண்ணுமில்ல தம்பி, நான்தான் தப்பா நெனச்சிட்டேன். நீ போய் அறுப்பப் பாரு" என்றாள். என்ன ஏது என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு வருஷம் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் அவள் மேல்கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தானாம். உதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டாளாம். "யார்கிட்டயும் சொல்லல. ரவிக்கைக்கு மேல தாவணியப் போத்திக்கிட்டே திரிஞ்சேன். தடம் ஒரு வாரத்துல போயிடிச்சி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங் கையில பாத்தவொடன அது திரும்பி வந்துட்ட மாரி இருந்திச்சி" என்றாள். நான் எண்ணெய்த் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டேன். புடவை வீணாகிவிடும் என்று அவள் தள்ளவில்லை.

அப்பா வயலிலிருந்து வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. ஜூடோ நிற்கவில்லை, கராத்தேவும் நிற்கவில்லை. அம்மா என் கராத்தே சட்டையின் இரண்டு கைகளையும் பிரித்து, பழைய ஜமுக்காளத்தை வெட்டி மேலே வைத்து நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். சிவப்பும் நீலமுமாகக் கோடுபோட்ட கைகளோடு சனிக்கிழமை போய் நின்றபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அடுத்த மாதத்துக்குள் ஆளாளுக்கு வீட்டில் ஜமுக்காளம் காணாமல் போனது. புது நெல் அரைத்ததும் முதல் மூட்டை அரிசி மாஸ்டர் வீட்டுக்குப் போனது. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அவர் கூச்சத்தோடு கேட்டார். "புள்ளைக்கு நிறுத்தச் சொல்லிக் குடுக்குறீங்கல்ல, அதுக்கு" என்றாள். அவர் வாசலுக்கு என்ன வர இருந்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வோர் அறுப்புக்கும் அரிசி மூட்டை போனது.

அந்தப் பச்சை மெத்தைகள் இன்று இல்லை. சமுதாயக்கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், கல்யாணம் நடக்கிறது. நாங்கள் "யாமே" கேட்ட மைதானத்தில் வகுப்பறைகள் எழும்பிவிட்டன. அமுதா புதுச்சேரியில் போலீஸ், போனில் இன்னமும் என்னை மக்கு என்றுதான் கூப்பிடுகிறாள். கொல்லையில் கிணறு மூடியாகிவிட்டது, அப்பாவும் போய்விட்டார். வெள்ளிக்கிழமை எண்ணெய் மட்டும் நிற்கவில்லை. இப்போது உட்காருகிறவள் அம்மா, தேய்க்கிறவள் நான். அவளுக்கு முழங்கால் போய்விட்டது, இதயத்துக்கென்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள், அதனால் லேசாக அழுத்தினாலே தோல் கன்றிவிடும். குளியலறை நாற்காலியிலிருந்து தூக்கிவிட வேண்டும். ஈரத் தரையில் வழுக்கிவிடுவாளோ என்ற பயத்தில் அவள் மேல்கைகளை இறுக்கிப் பிடித்துத் தூக்குகிறேன். மெதுவாகப் பிடிக்கத்தான் நினைக்கிறேன், என் கைகளுக்கு அது வருவதில்லை.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். ரத்தம் எடுக்க ரவிக்கைக் கையை ஏற்றிய சின்ன வயது நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். மற்றக் கையையும் ஏற்றிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள் பாருங்கள், கொல்லையில் அன்று அம்மா பார்த்த அதே பார்வை. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மேடம்" என்றாள். மாத்திரையினால்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அன்று மாஸ்டருக்காக நான் சொன்னவை எல்லாம் எப்படிக் கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியுமே. நர்ஸ் அம்மாவிடம் குனிந்து, "பாட்டி, பயப்படாம சொல்லுங்க. இது யாரு புடிச்சது?" என்று கேட்டாள்.

"அவ எதுக்கு வெளிய போவணும்?" என்றாள் அம்மா. "எம் பொண்ணு கைதான். நான் விழுந்துடுவேன்னு பயந்துக்கிட்டுப் புடிக்கிறா." நர்ஸ் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, என் பக்கம் திரும்பி, "ஏ தேனு, இங்க வா" என்று தன் மெலிந்த கையை நீட்டினாள்.

"சந்தேகமா இருந்தா, அவ விரல வச்சிப் பாத்துக்கம்மா."

நான் வைத்தேன்.